வெட்டச் சொன்ன வரி

என் மாப்பிள்ளைக்கு அவர் வேலை செய்த அலுவலகத்தில் ‘லேட்டு’ என்று பெயர். பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட எங்கேயும் பிந்திப் போகாத மனிதருக்கு அப்படி ஒரு பட்டம். பதிவு அலுவலகத்தில் என் மகளுக்கும் அவருக்கும் கல்யாணம் நடந்த அன்று, நாங்கள் அரை மணி முன்னதாகவே போய்விட்டோம் என்ற பெருமையோடு வண்டியிலிருந்து இறங்கினால், கதவு திறக்காத வாசல் படியில் அவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெருக்குகிற அம்மா அவர் காலுக்கடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“எப்ப வந்தீங்க மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

“இப்பத்தான் அத்தை.”

“இப்பத்தானா?” என்றாள் பெருக்குகிறவள். “இந்தப் படியை நான் மூணாவது தடவையா பெருக்கறேன். மனுஷன் நகர்ந்த பாடில்ல.”

பட்டம் வந்தது வேலையால்தான். ஆங்கிலத்தில் இருப்பதை ஸ்பானிஷ் மொழியில் மாற்றிக் கொடுக்கிற அலுவலகம் அது. கதை, புத்தகம் என்றெல்லாம் எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கும் பலகை, தொழிற்சாலையில் ஒட்டும் தாள், மருந்து அட்டை, கைபேசிக்கு வரும் இரண்டு வரிச் செய்தி, இவ்வளவுதான். ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதிக் குழப்பக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வகைச் சொல்லைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு இயந்திரம், ஒரு பெண்ணுக்கு முழுக்க முழுக்கச் சமையலறைச் சாமான். என் மாப்பிள்ளைக்கு நேரம். தாமதமாகும், தாமதமாகிவிட்டது, கெடு முடிகிறது, கெடு முடிந்தது, காத்திருங்கள், இனிக் காத்திருக்க வேண்டாம் என்று எந்த வாக்கியம் வந்தாலும் அது அவர் மேசைக்குத்தான் வரும். காலையில் உள்ளே நுழையும்போதே, “லேட்டு சார், இன்னிக்கு எவ்வளவு லேட்டு?” என்பார்களாம். இவரும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, “முப்பத்தெட்டு வாக்கியம்” என்பாராம்.

ஸ்பானிஷ் அவர் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருடம் சரக்குக் கப்பலில் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கப்பலில் இயந்திர அறை முழுவதும் ஸ்பானிஷ்காரர்கள்.

“முதல்ல கத்துக்கிட்டது திட்டுதான் அத்தை” என்று ஒரு நாள் சொன்னார். “ஏன்டா இவ்வளவு நேரம், எங்கடா போய்த் தொலைஞ்ச, நேத்து கேட்ட போல்ட்டை நாளைக்கா குடுப்ப. நேரமும் திட்டும் சேர்ந்தேதான் வந்துச்சு.”

அந்த மொழியில் கெடு முடிந்துபோனதற்கும் தோற்றுப்போனதற்கும் ஒரே சொல்தானாம். பென்சீதோ. நாள் கடந்த சீட்டும் பென்சீதோ, சண்டையில் விழுந்தவனும் பென்சீதோ. இன்னொரு சொல், அஓரித்தா. ‘இதோ இப்பவே’ என்று அர்த்தம். ஆனால் ஓர் ஊர்க்காரன் சொன்னால் இப்பவே, இன்னோர் ஊர்க்காரன் சொன்னால் சாயங்காலம், மற்றோர் ஊர்க்காரன் சொன்னால் வரவே மாட்டானாம்.

“நம்ம குழாய் ரிப்பேர் பண்றவர் எந்த ஊரு?” என்று கேட்டேன். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் மேசை மேல் இருந்த தேநீர் தாள் மேல் சிந்திவிட்டது.

அலுவலகத்தில் ஆட்களைவிட மேசைகள் குறைவு. அதனால் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்வார். எங்கள் வீடு இரண்டு அறை. அவருடைய கணினி சமையலறை மேசையின் ஒரு முனையில் இருக்கும். மறுமுனையில் நான் காய் நறுக்குவேன். மகள் ஒரு ஓட்டலின் சலவைக் கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். காலையில் போனால் மாலையில்தான் வருவாள். ஆக, பகல் முழுவதும் நாங்கள் இரண்டு பேரும்தான்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆங்கில வாக்கியத்தைப் படித்ததும் நேராக ஸ்பானிஷில் எழுத மாட்டார். முதலில் தமிழில் என்னிடம் வாய்விட்டுச் சொல்வார்.

“எழுத்துப் படிக்காத காதுல அது எப்படி விழுதுன்னு எனக்குத் தெரியணும் அத்தை. இந்தத் தாளைப் பாக்கறவங்கள்ல பாதிப் பேர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாங்க. பக்கத்துல இருக்கறவங்களைப் படிக்கச் சொல்லிக் கேக்கறவங்களும் உண்டு.”

நான் சொல்கிற பதில் மூன்றே மூன்றுதான். ‘சுடுது’ என்பேன். ‘ஆறிப்போச்சு’ என்பேன். இல்லாவிட்டால் ‘சரி’. சுடுது என்றால் அவர் வாக்கியத்தைக் கொஞ்சம் தணிப்பார். ஆறிப்போச்சு என்றால் கொஞ்சம் முடுக்குவார். அதன் பிறகுதான் ஸ்பானிஷ். ஆறு வருடத்தில் எத்தனை ஆயிரம் வாக்கியம் அப்படிப் போனதோ எனக்குத் தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது. மறைப்பானேன்.

ஆறு வருடமும் அவர் ஒப்பந்த ஆள்தான். ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினால் எங்கள் மூன்று பேருக்கும் இன்னொரு வருடம் இந்த வெளிநாட்டில் தங்க பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள். ஏழாவது வருடத்தில் நிரந்தரம் ஆக்குவதாக மேலாளர் அம்மா சொல்லியிருந்தார். நிரந்தரம் ஆகிவிட்டால் முத்திரை வேண்டாம். இருக்கலாம், அவ்வளவுதான். அந்தக் கடிதம் அச்சாகி, கையெழுத்துக்காக மேலாளர் மேசையில் இருப்பதை மாப்பிள்ளை கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னார். மகள் அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு திரைச்சீலை வாங்கினாள். அதுவரை ஜன்னலில் பழைய விரிப்புதான் தொங்கியது.

அந்த வாக்கியம் வந்தது அதற்கு ஐந்து மாதம் முன்னால். டயாலிசிஸ் செய்கிற நிலையம் ஒன்று, அதற்கு ஏழு கிளைகள். வாரத்துக்கு மூன்று தடவை போய், நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருந்தால் இயந்திரம் ரத்தத்தைக் கழுவி உள்ளே விடும். ஒரு நாற்காலியில் ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் உட்கார வேண்டும். அதனால் நேரம் அங்கே பெரிய விஷயம். நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாளிலும் சுவர்ப் பலகையிலும் போட ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் வந்தது. மாப்பிள்ளை எனக்குச் சொன்னார்:

“நேரத்துக்கு வாங்க, லேட்டாகும்போல இருந்தா போன் பண்ணுங்க, முடிஞ்ச வரைக்கும் உங்களைப் பாத்துக்கறோம். இது முதல் வரி.”

“சரி.”

“பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல லேட்டானா, லேட்டான நேரத்தை உங்க சிகிச்சையில கழிச்சிடுவோம். இது ரெண்டாவது.”

“சுடுது” என்றேன்.

“சுடட்டும் அத்தை, இது சுட வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு இரண்டையும் எழுதி அனுப்பிவிட்டார். அதோடு விட்டிருந்தால் எதுவும் இல்லை.

அவர் எழுதுவதைச் சரிபார்க்க ஒருவர் இருந்தார். ஸ்பானிஷ்தான் அவருக்குத் தாய்மொழி. ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் வேலை பார்த்தவர். நீளமான வாக்கியத்தைக் கண்டால் ஆகாது, நறுக்கிவிடுவார். அதனால் அலுவலகத்தில் அவருக்குக் ‘கத்திரி’ என்று பெயர். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வாக்கியம் கணினிக்குள் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு அதே ஆங்கில வாக்கியம் எந்தத் தாளில் வந்தாலும் கணினி தானாகவே அந்த ஸ்பானிஷைப் போட்டுக்கொள்ளும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் கத்திரி போன் செய்தார். சத்தமாகப் பேசுகிறவர், எனக்கே கேட்டது. என்ன சொன்னார் என்று மாப்பிள்ளை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்பானிஷ் எப்போதும் ஆங்கிலத்தைவிட நீளுமாம். பலகையில் அதற்கு விட்ட கட்டத்தில் இரண்டு வாக்கியமும் அடங்கவில்லை. “லேட்டு, உன் வாக்கியம் திரைச்சீலை மாதிரி தரை வரைக்கும் தொங்குது. எதை வெட்டட்டும்?” என்றாராம்.

“ரெண்டையும் சுருக்கித் தரேன் சார்.”

“அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போகுது. இப்ப மணி நாலு அம்பது. எதை வெட்டட்டும்?”

எனக்கு எழுத்துதான் தெரியாது, கடிகாரம் தெரியும். சுவரில் பார்த்தேன். பத்து நிமிடம்தான் இருந்தது.

மாப்பிள்ளை போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

“சுடறதை வெட்டுங்க” என்றேன்.

“அதுலதான் அத்தை நிமிஷம் இருக்கு.”

“நிமிஷத்தை அங்க நர்ஸ் சொல்லாதா? கையில ஊசி குத்திக்கிட்டு நாலு மணி நேரம் கெடக்கப் போற ஆளை வாசல்லயே வெச்சு மிரட்டணுமா? பாத்துக்கறோம்னு ஒரு வார்த்தை இருக்கட்டுமே.”

போனைப் பொத்தியிருந்த கையை எடுத்தார். பிறகு போனில் ஏதோ சொன்னார். கத்திரி வெட்டினார், கையெழுத்துப் போட்டார். ஐந்து மணிக்கு அச்சுக்குப் போயிற்று. நான் பட்டாணியை அடுப்பில் ஏற்றினேன்.

ஐந்து மாதம் கழித்து அந்த நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஸ்பானிஷ் தாளை வாங்கினவர்கள்தான் அதிகம் பிந்தி வருகிறார்கள், உங்கள் மொழிபெயர்ப்பில் நிமிடத்தைப் பற்றிய வரியே இல்லை, ஒருவருக்கு உடம்பு மோசமாகிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், இதற்கு யார் பொறுப்பு, பெயர் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

மேலாளர் அம்மா மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாராம். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன்.

“கணினியில பாத்துட்டேன்” என்றிருக்கிறார். “நீங்க ரெண்டு வரியும் எழுதி அனுப்பியிருக்கீங்க. வெட்டினது கத்திரி கை. கையெழுத்தும் அவரோடது. அவர் போன மாசமே ஓய்வு வாங்கிட்டுப் போயிட்டார். அவர் பேரை எழுதி அனுப்பிடறேன். நீங்க எதுவும் பேச வேண்டாம். பேசாம இருக்கறது ஒண்ணும் பொய் இல்ல.”

அவர் சொல்லும்போதே அந்தக் கடிதம், எங்களை இங்கே நிற்கவைக்கப்போகிற கடிதம், கையெழுத்தில்லாமல் மேசையில் இருந்ததாம்.

வீட்டுக்கு வந்து சொன்னார். மகள் இஸ்திரிச் சூட்டில் சிவந்துபோன கையைக் குழாயில் காட்டிக்கொண்டே கேட்டாள். “அப்புறம் என்ன? அவங்களே வழி சொல்லிட்டாங்க. விட்டுடுங்க.”

“வெட்டச் சொன்னது நான்” என்றார் அவர்.

“வெட்டச் சொன்னது நான்” என்று நானும் சொன்னேன். “ரெண்டு பேரும் சொல்லாம இருந்தா அது காத்தோட போயிடும். அந்த மனுஷன் வீட்டுல உக்காந்திருக்கார். அவருக்கு எந்த முத்திரையும் வேண்டாம். நமக்கு வேணும். பேசாம இருங்க மாப்பிள்ளை.”

இதை எழுதிக்கொண்டிருக்கிற என் மகள் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, “அம்மா, இது வேண்டாம்” என்றாள். எழுது என்றேன். நான் சொன்னதுதானே. அன்றைக்கு அப்படித்தான் சொன்னேன். நல்ல மனசோடுதான் சொன்னேன்.

மாப்பிள்ளை பையை இறக்கி வைத்தார். “முதல்ல போய்ப் பாத்துட்டு வரேன்” என்றார்.

“எதை?”

“அந்த வரி எங்க தொங்குதுன்னு. ஆறு வருஷமா எழுதறேன், ஒண்ணையும் நான் தொங்கற இடத்துல பாத்ததில்ல.”

நானும் வருவேன் என்றேன். வேண்டாம் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். கூட்டிக்கொண்டு போனார்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். வெள்ளைக் கட்டடம், தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு. உள்ளே நீளமான கூடம். இரண்டு பக்கமும் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயரத்துக்கு ஓர் இயந்திரம், அதில் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லார் மடியிலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்பளி. ரத்தம் வெளியே போய்விட்டு வரும்போது குளிருமாம். அப்படிக் குளிரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சுவரில் கண்ணாடிக்குப் பின்னால் நாலைந்து தாள் இருந்தது. “எது?” என்றேன். விரலை வைத்துக் காட்டினார். மற்ற வரிகளைவிட அது குட்டையாக, கட்டத்துக்குள் அழகாக அடங்கி இருந்தது.

தலைமை நர்ஸிடம் தான் இன்னார் என்று சொன்னார். அவள் முகம் மாறியது. வெளி நடையைக் காட்டினாள். அங்கே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் மகளைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கும். மடியில் ஒரு கம்பளி, அதன் மேல் ஒரு குட்டித் தலையணை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவள் கணவர். இங்கே விட்டுப்போன அவருடைய சாமானை எடுத்துப்போக வந்திருக்கிறாள்.

மாப்பிள்ளை அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்பானிஷில் பேசினார். அவள் பேசப் பேச, எனக்குப் பாதிப் பாதியாகத் தமிழில் சொன்னார். இவ்வளவு நாள் எனக்கு அவர் சொன்ன வாக்கியம் எல்லாம் தாளிலிருந்து வந்தது. இது ஒரு ஆள் வாயிலிருந்து வந்தது.

அவள் கணவர் காய்கறிப் பெட்டிகளை லாரியில் ஏற்றுகிற வேலை. இங்கே சேர்ந்த முதல் வாரம், தாளைக் கொண்டுபோய் சூப்பர்வைசரிடம் காட்டியிருக்கிறார், வாரத்தில் மூன்று நாள் சீக்கிரம் விட வேண்டும் என்று. சூப்பர்வைசரும் ஸ்பானிஷ்காரர்தான். வாங்கிப் படித்திருக்கிறார்.

“‘லேட்டானாலும் பாத்துக்கறோம்னுதானே போட்டிருக்கு? அப்ப இந்த லாரியை முடிச்சுட்டுப் போ’ன்னாராம்” என்றார் மாப்பிள்ளை. “அந்தத் தாளை நகல் எடுத்து, வேலைக்கு வரவங்க அட்டை குத்துற மெஷின் பக்கத்துல ஒட்டியும் வெச்சிட்டாராம்.”

“நர்ஸ் சொல்லலையா? கேளுங்க. நர்ஸ் சொல்லலையான்னு கேளுங்க.”

கேட்டார். அவள் நிதானமாகப் பதில் சொன்னாள்.

“சொன்னாங்களாம். மூணாவது நாளே சொன்னாங்களாம். இவரும் போய் சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருக்கார். ‘தாள்ல அப்படி இல்லையே, வாயால சொல்றதை எல்லாம் நான் எப்படி நம்பறது’ன்னாராம்.”

ஒவ்வொரு தடவையும் நாற்பது நிமிடம், ஐம்பது நிமிடம் பிந்தி வந்திருக்கிறார். அடுத்த ஆள் காத்திருப்பதால் முடியும் நேரத்தை நீட்ட முடியாது. வாரத்துக்கு மூன்று தடவை, ஐந்து மாதம். வெளியேறாத தண்ணீர் உடம்பிலேயே தங்கி, நெஞ்சு வீங்கி, மூச்சு அடைத்துவிட்டது.

நான் அந்தப் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். ‘கழிச்சிடுவோம்’ என்று அந்தத் தாளில் இருந்திருந்தால் அதை சூப்பர்வைசரிடம் நீட்டிவிட்டு அவர் நேரத்தோடு கிளம்பியிருப்பார். மிரட்டல் என்று நான் நினைத்தது அவருக்கு மிரட்டல் இல்லை. அது அந்த சூப்பர்வைசருக்கு. இது என் புத்திக்கு எட்டவில்லை. மாப்பிள்ளைக்கு எட்டியிருக்கும், நான் பத்து நிமிடம் சும்மா இருந்திருந்தால்.

“நான்தான் வெட்டச் சொன்னேன்னு அவகிட்ட சொல்லுங்க மாப்பிள்ளை.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் திரும்பி மூன்று நாலு சொல்தான் சொன்னார். அவள் ஏதோ பதில் சொன்னாள், தலையணையைக் கம்பளிக்குள் வைத்துச் சுருட்டினாள், எழுந்து போனாள்.

பஸ்ஸில் கேட்டேன். “சொன்னீங்களா?”

“நான் எழுதினதுன்னு சொன்னேன்.”

“நான் சொல்லச் சொன்னது அது இல்லயே.”

“எழுதினது நான்தானே அத்தை.”

“அவ என்ன சொன்னா?”

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். “அழகா எழுதியிருக்கீங்க, அதனாலதான் நம்பினோம்னு சொன்னாங்க.”

மறுநாள் காலை அலுவலகம் திறப்பதற்கு முன்னாலேயே போய் வாசலில் நின்று, மேலாளர் அம்மா வந்ததும் சொல்லிவிட்டார். போனில் வெட்டச் சொன்னது நான், கத்திரி கேட்டுத்தான் வெட்டினார், என் பெயரை எழுதுங்கள் என்று.

“உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டாராம் அவர். “நல்லவர்னு பேரா? அதை வெச்சு நான் என்ன செய்ய? அவங்க கேட்டது ஒரு பேர். அதுக்கு ஒரு பேர் நான் எடுத்து வெச்சிருந்தேன்.” இவர் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். மேலாளர் அம்மா கையெழுத்தில்லாத அந்த நிரந்தரக் கடிதத்தை எடுத்து இழுப்பறையில் போட்டுவிட்டு, “ஒப்பந்தம் அடுத்த மாசக் கடைசியோட முடியுது. புதுப்பிக்க மாட்டோம்” என்றாராம்.

மகள் அன்று சத்தம் போடவில்லை. திரைச்சீலையைக் கழற்றி மடித்து வைத்தாள். நான் வாய் திறந்தேன்.

“நீ பேசாம இரும்மா. நீ பேசினது போதும்” என்றாள்.

“அத்தையை எதுவும் சொல்லாதே” என்றார் மாப்பிள்ளை. “போனைக் கையில வெச்சிருந்தது நான்.”

எனக்காகப் பேசினார் என்று நினைத்து ஒரு நிமிடம் மனசு குளிர்ந்தது. பிறகுதான் புரிந்தது, என் சொல்லைத் தன் கணக்கிலிருந்து அவர் எடுத்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் என்றால் பதில் சொல்லலாம்.

கத்திரிக்கு எப்படியோ சேதி போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அவர் கத்தியதில் மாப்பிள்ளை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். பேசி முடித்ததும் மகள் கேட்டாள், நன்றி சொன்னாரா என்று.

“முட்டாள்னார். எனக்கு எழுபத்தோரு வயசு, என் பேரை எழுதியிருந்தா என்னை என்ன பண்ணியிருப்பாங்க, ஓய்வுலேருந்து ஓய்வு குடுத்திருப்பாங்களா, உன்னை யாருடா காப்பாத்தச் சொன்னாங்கன்னார்.” சொல்லிவிட்டு அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. “அழுதார்” என்றார்.

பூட்டின வாக்கியத்தைத் திறந்து, வெட்டின வரியைத் திருப்பிப் போட நாலு பேர் கையெழுத்து வேண்டுமாம். அந்த வேலையை மட்டும் மாப்பிள்ளை விடவில்லை. ஒவ்வொரு மேசையாக நின்று வாங்கினார். ஏழு கிளையிலும் பலகையை மாற்ற ஆறு வாரம் ஆயிற்று. நாலாவது வாரத்தில் அந்தச் சுமை ஏற்றுகிறவர் பெரிய ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். அவருடைய மனைவி போன் செய்து சொன்னாள். மாப்பிள்ளை தன் எண்ணை அவளிடம் கொடுத்திருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இன்றைக்கும் என்னிடம் யாராவது கேட்டால், உடம்பு முடியாத ஆளிடம் இதமாகப் பேசுவதில் தப்பில்லை என்றுதான் சொல்வேன். அதை மாற்றிக்கொள்ள என்னால் முடியாது. ஆனால் அதை நான் இப்போது யாரிடமும் சொல்வதில்லை. கேட்கிறவர்களும் இல்லை.

இப்போது மேசையில் கணினி இல்லை, அலுவலகம் எடுத்துக்கொண்டது. எங்கள் முத்திரை முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இரண்டு பெட்டி கட்டியாகிவிட்டது. மூன்றாவது திறந்தபடி கிடக்கிறது. வேலை கேட்டு மாப்பிள்ளை போன இடங்களில், பதினெட்டு நாளுக்கு முத்திரை வைத்திருக்கிறவரை எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

நேற்றுப் பகல் அந்தப் பெண்ணிடமிருந்து மறுபடியும் போன் வந்தது. லாரிக் கிடங்குக்காரர்கள் அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அவளால் படிக்க முடியவில்லை. கைபேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். மாப்பிள்ளை அதைப் பெரிதாக்கி முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை படித்தார். பிறகு அவளைக் கூப்பிட்டு ஸ்பானிஷில் சொன்னார். எங்கேயும் நிறுத்தவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை. பிறகு அவள் ஏதோ கேட்டாள். அவர் மறுபடி, இன்னும் மெதுவாக, அதையே சொன்னார்.

வைத்த பிறகு நான் கேட்டேன். “என்ன கடிதம்?”

“அவங்க இருக்கற அறை கிடங்கோடது. அவர் போயிட்டதால காலி பண்ணணும். எட்டு நாள். அதுக்கு மேல ஒரு நாள்கூடத் தர மாட்டோம், தங்கினா சாமானை வெளியில வெப்போம்னு போட்டிருக்கு.”

“அப்படியேவா சொன்னீங்க?”

“அப்படியேதான்.”

“மறுபடி என்ன கேட்டா?”

“தேதி” என்றார். “திரும்பவும் தேதி கேட்டாங்க. சொன்னேன்.”